மைனஸ் ஒன்பது

எங்கள் தெருக் கிணற்றில் ஈயம் மைனஸ் ஒன்பது இருந்தது.

லிட்டருக்கு மைனஸ் ஒன்பது மைக்ரோகிராம். அதாவது ஒன்றுமே இல்லாததைவிட ஒன்பது குறைவு. கருவியின் திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். சுற்றுச்சூழல் வேதியியல் முதுகலையில் எங்களுக்கு முதலில் கற்றுத்தருவது அதுதான். எண் சரியாக வந்தால் துறையின் கருவி. தவறாக வந்தால் மாணவியின் கை.

குடுவைகளைக் கழுவி மறுபடி செய்தேன். மைனஸ் ஒன்பது. மூன்றாம் முறை மைனஸ் எட்டு புள்ளி ஒன்பது. தவறைத் துல்லியமாகச் செய்கிறேன் என்பது மட்டும் உறுதியானது.

அந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர்களில் என் அக்காவும் ஒருத்தி. அவளுக்கு அது ஏழாம் மாதம். தெருக்கோடியில் பழைய பேட்டரிகளை உடைக்கும் ஷெட் வந்து ஆறு வருடம் ஆகிறது. உள்ளேயிருக்கும் ஈயத் தட்டுகளை எடுத்துக் கழுவி உருக்குவார்கள். கழுவிய நீர் ஷெட்டுக்குப் பின்னால் மண்ணில் இறங்கும். மண்ணில் இறங்கியது எங்கே போகும் என்பது எங்களுக்கு முதல் பருவப் பாடம். தெருவில் இரண்டு குழந்தைகளுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை.

அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்தார். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும் என்றார்கள். ஈயம் இருக்கிறது என்று ஒரு வரி வந்தால் கிணற்றை மூடிவிட்டுக் குழாய் போடுவார்களாம். அறிக்கை வரும்வரை வாரம் இரண்டு முறை லாரியில் தண்ணீர் வரும். ஊரில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றே ஒன்று. எங்கள் துறையினுடையது.

அதனால் கிணற்றையே என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. வகுப்பில் வருகைப்பதிவுக்கு நான் சொல்லும் 'உள்ளேன்' பல நாள் காதில் விழாமல் போயிருக்கிறது. எண்கள் எனக்காகப் பேசும் என்று நம்பித்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.

தாளை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போனேன்.

"சார், நெகட்டிவ்வா வந்திருக்கு."

"நல்லதுதானே."

"இல்ல சார், மைனஸ்ல..."

"ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்தா நெகட்டிவ் வரணும்னுதானேம்மா வேண்டிக்கிறோம்? இங்க வந்தா மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற?"

"ஒரு பொருள் பூஜ்யத்துக்குக் கீழ இருக்க முடியாதுல்ல சார்."

அவர் யோசித்தார். நல்ல மனிதர். கேட்டால் யோசிப்பார்.

"முடியாதுதான்" என்றார். "அதனால பூஜ்யம்னு எழுதிடு."

போக மனமில்லாமல் அங்கேயே நின்றேன். நான் வாதாடுவது அப்படித்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர், "சரி, பிளாங்க்க ஒரு தடவை பாரு" என்றார்.

பிளாங்க் என்பது ஒன்றுமில்லாத நீர். அளக்கத் தொடங்கும் முன் கருவிக்கு அதைக் காட்டி, இதுதான் பூஜ்யம் என்று சொல்லிவைக்க வேண்டும். பிறகு எந்த நீரைக் கொடுத்தாலும் அதில் இருப்பதிலிருந்து பிளாங்க்கில் இருப்பதைக் கழித்துவிட்டுக் கருவி விடை சொல்லும். கருவி ஓர் அப்பாவி. எதைக் காட்டி இது பூஜ்யம் என்றாலும் நம்பிவிடும். கிணறு மைனஸில் வந்தது என்றால், கிணற்றில் இருப்பதைவிட எங்கள் ஒன்றுமில்லாத நீரில் ஈயம் அதிகம் என்று பொருள்.

பிளாங்க்குக்கான நீர் ஆய்வகத்தின் மூலையில் இருபது லிட்டர் கேனில் இருக்கும். மேலே 'காய்ச்சி வடித்த நீர்' என்று ஒட்டியிருக்கும். அதை நிரப்பும் உரிமை ஆய்வக உதவியாளர் ஒருவருக்கு மட்டுமே உண்டு. அவரைக் கேன் அண்ணன் என்போம்.

"அண்ணே, இந்தத் தண்ணிய எங்க காய்ச்சறீங்க?"

"காய்ச்சற மிஷின் போயி பதினோரு வருஷமாச்சும்மா. உள்ள சுருள் எரிஞ்சுபோச்சு. எழுதிக் குடுத்திருக்கு."

"அப்ப இது?"

"வடிக்கிறேன்ல." குழாயின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைக் காட்டினார். துவைத்த துணி. "காய்ச்சி வடிக்கணும்னு போட்டிருக்கு. காய்ச்சறது என் கையில இல்ல. வடிக்கிறது என் கையில இருக்கு. என் பாதிய நான் ஒழுங்கா செய்யறேன். மத்த பாதிய அவங்ககிட்டப் போய்க் கேளு."

அந்தக் குழாய்க்கு நீர் வருவது ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. அதன் பக்கத்தில் ஒரு குழி. ஆய்வகத் தொட்டிகளில் கவிழ்ப்பதெல்லாம் முப்பது வருடமாக அந்தக் குழிக்குத்தான் போகிறது. செய்முறைத் தேர்வு முடிந்து மாணவர்கள் கொட்டிய ஈயக் கரைசல்கள் உட்பட. குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே பன்னிரண்டு அடி. காலால் அளந்தேன். நீரும் மண்ணும் மாசுபடுவதைப் பற்றிய எங்கள் வகுப்பறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும்.

கேன் அண்ணன் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்துக்காட்டினார். "பதினோரு வருஷமா இதத்தான் குடிக்கிறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?"

அன்று மதியத்துக்குள் இதை மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் முதன்முதலாகச் சொல்வதுபோலவே சொன்னார்.

நான் எழுத்தில் புகார் கொடுத்தேன். பேசுவதைவிட அது எனக்கு எளிது. புகார் துறைத்தலைவரிடம் போய், அவரிடமிருந்து நீர்த் தூய்மைக் குழுவுக்குப் போனது. நீர்த் தூய்மைக் குழு என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அதன் தலைவரும் துறைத்தலைவரே. அவர் அவருக்கே ஒரு கடிதம் எழுதி, அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு, குழுவைக் கூட்டினார்.

கேன் நீரைச் சோதிப்பது என்று முடிவானது. சோதனை விதிப்படி நடந்தது. விதிப்படி, எந்த நீரைச் சோதித்தாலும் துறையின் காய்ச்சி வடித்த நீரையே பிளாங்க்காக வைக்க வேண்டும். கேன் நீரைக் காட்டி, இதுதான் பூஜ்யம் என்றார்கள். பிறகு அதே கேன் நீரைக் கொடுத்து, இது எவ்வளவு என்று கேட்டார்கள்.

பூஜ்யம் என்றது கருவி.

துறைத்தலைவர் எழுந்து நின்றார். நாங்கள் ஆறு பேர்தான் இருந்தோம். அவர் அறுநூறு பேருக்குப் பேசினார்.

"பூஜ்யம். அதுக்கப்புறம் புள்ளி. அதுக்கப்புறம் இன்னும் மூணு பூஜ்யம். இந்தச் சுத்தம் எந்தப் பல்கலைக்கழகத்துல இருக்கு, சொல்லுங்க. போன தடவை மதிப்பீட்டுக் குழு வந்தப்ப இந்த ஒரு எண்ணப் பார்த்துட்டுத்தான் நமக்கு முதல் தரம் குடுத்தாங்க. பதினோரு வருஷமா இந்த எண் மாறல. பருவம் மாறுது, பாடத்திட்டம் மாறுது, நம்ம பூஜ்யம் மாறல. மிஷின் ஓடினப்ப கூட அப்பப்ப ஒண்ணு ரெண்டுன்னு வரும். மிஷின் நின்னதுக்கப்புறம்தான் இந்தத் துல்லியமே நமக்குக் கிடைச்சுது. பொறாமைப்படறவங்க வெளியிலதான் இருக்காங்கன்னு நெனச்சேன்."

என்னைப் பார்த்தார்.

"சார், அதையே அதுல இருந்து கழிச்சா..."

"என்னம்மா? சத்தமா சொல்லு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒண்ணுமில்ல சார்."

'ஒன்றுமில்லை என்பதை மாணவியும் ஏற்றுக்கொண்டார்' என்று குறிப்பேட்டில் பதிவானது.

மறுநாள் மாலை பேட்டரி கடைக்குப் போனேன். வீட்டு இன்வெர்ட்டருக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைப் பாட்டிலில் விற்பார்கள். ஊரில் ஒழுங்காகக் காய்ச்சிய நீர் அந்த ஒரு கடையில்தான் இருந்தது. கடைக்காரர், "எங்கம்மா வேலை பாக்கற?" என்று கேட்டார். பல்கலைக்கழகம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்குத்தான் என்றேன்.

அதைப் பிளாங்க்காக வைத்து அளந்தேன். எங்கள் தெருக் கிணறு அறுபத்திரண்டு. துறையின் காய்ச்சி வடித்த நீர் எழுபத்தொன்று. குடிநீரில் பத்தைத் தாண்டக்கூடாது.

அன்றே அக்காவிடம் சொன்னேன். "லாரித் தண்ணி மட்டும் குடி அக்கா. கிணத்துத் தண்ணிய வாயில வைக்காத."

"குழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருக்குமாடி?"

"இனிமே குடிக்காத. அது போதும்."

"எப்ப குழாய் போடுவாங்க?"

"அறிக்கை வந்ததும்."

"நீதானே எழுதற? சீக்கிரம் எழுது" என்றாள். லாரி வந்த நாளில் இரண்டு குடம் பிடித்துத் தனியாக மூடிவைத்தாள். மாமாவைக்கூடத் தொடவிடவில்லை.

நெறியாளர் அறுபத்திரண்டைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"கிணறு வெட்டப் போயி பூதத்தக் கிளப்பிட்டியேம்மா" என்றார்.

"தப்பா செஞ்சிருக்கேனா சார்?"

"சரியா செஞ்சிருக்க. அதான் பிரச்சினை." விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "இந்த அறுபத்திரண்ட ஒத்துக்கிட்டா அந்த எழுபத்தொண்ண ஒத்துக்கணும். அத ஒத்துக்கிட்டா பதினோரு வருஷத்து ரிப்போர்ட் என்ன ஆகும்? ஏரியில ஈயம் இல்லன்னு எழுதினது தலைவர். ஆத்துல இல்லன்னு எழுதினது நான். என் பிஎச்.டி. தலைப்பே ஈயம் இல்லாத ஆறு. அத வச்சு ஆத்தோரத்துல நாலு ஆலைக்கு அனுமதி குடுத்திருக்காங்க. எனக்கு அதுக்காக ஒரு கேடயம்கூடக் குடுத்தாங்க."

கேடயம் அவருக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அதில் ஒரு மீன் படம்.

அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கான்டீனுக்கும் இதே தண்ணிதானா?" என்றார்.

"ஆமா சார்."

மேஜையில் இருந்த தம்ளரைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். அடுத்த நாள் அவர் அறையில் வெளியிலிருந்து வாங்கிய தண்ணீர் கேன் ஒன்று வந்து இறங்கியது. துறைத்தலைவர் அறையில் அப்படி ஒரு கேன் பதினோரு வருடமாக இருக்கிறது.

ஆனாலும் நெறியாளர் எனக்காக ஒரு முயற்சி எடுத்தார். பேட்டரி கடை நீரையும் பிளாங்க்காக ஏற்கலாமா என்று குழுவுக்கு எழுதினார். வெளி நீர் என்பதால் அதன் தூய்மையை முதலில் சோதிக்க வேண்டும் என்றது குழு. விதிப்படி சோதித்தார்கள். மைனஸ் எழுபத்தொன்று வந்தது.

"பூஜ்யத்துலேர்ந்து எழுபத்தொண்ணு தள்ளி நிக்குது" என்றார் குழு உறுப்பினர் ஒருவர். "கிணத்துத் தண்ணிகூட ஒன்பதுதான் தள்ளியிருந்துச்சு. கடையில விக்கறதோட லட்சணம் இதுதான்."

அதுவரை துறையில் சோதித்த நீர்களிலேயே மிக மோசமானது என்று அந்தப் பாட்டில் பதிவானது. அதை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்ததற்காக என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எழுதிக்கொடுத்தேன். விளக்கத்தில் ஓரத்து இடைவெளி போதவில்லை என்று திரும்பி வந்தது. ஒன்றரை அங்குலம் விட்டு மறுபடி எழுதிக்கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வு வந்தது. வெளித்தேர்வாளர் எங்கள் துறையின் பழைய மாணவர். மேஜையில் மூன்று தண்ணீர் பாட்டில்கள், மூடி உடைக்காதவை. வெளித்தேர்வாளருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, நெறியாளருக்கு ஒன்று.

"ஈயத்தோட அணு எண்?" என்றார் வெளித்தேர்வாளர்.

"எண்பத்திரண்டு."

"நல்லா தயார் பண்ணியிருக்காங்க" என்று தலைவரிடம் சொன்னார். பிறகு பக்கங்களைப் புரட்டி, மைனஸ் ஒன்பதில் நின்றார். அறுபத்திரண்டு அந்த ஏட்டில் இல்லை. ஏற்கப்படாத பிளாங்க்கால் வந்த எண்ணை அச்சிடக்கூடாது.

"இது புதுசா இருக்கே. மைனஸ்னா என்ன அர்த்தம்? கிணறு ஈயத்த உறிஞ்சுதுன்னு எடுத்துக்கலாமா?"

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்று நான் வாய் திறப்பதற்குள் துறைத்தலைவர் நிமிர்ந்துவிட்டார்.

"நானும் அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன். நச்ச நீக்கற கிணறு. உலகத்துல எங்கயும் இல்லாதது. நம்ம மாணவி கண்டுபிடிச்சிருக்கா, பாவம், அவளுக்கே தெரியல. இதப் பெரிய திட்டமா எடுத்துப் பண்ணலாம். நம்ம ஆய்வகக் கழிவு அந்தக் குழியில சும்மாதானே கிடக்கு? வண்டி வண்டியா எடுத்துட்டுப் போயி அந்தக் கிணத்துல ஊத்தி, எவ்வளவு உறிஞ்சுதுன்னு மாசாமாசம் அளக்கலாம். குழியும் காலியாகும், அறிவியலும் வளரும்."

"அருமை" என்றார் வெளித்தேர்வாளர். எழுதிக்கொண்டார்.

என் நாற்காலி சத்தமிட்டது. எழுந்து நின்றிருந்தேன்.

"அந்தத் தண்ணிய என் அக்கா குடிக்கிறா சார்."

என் குரல் அறை முழுக்கக் கேட்டது. அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை.

"பாத்தீங்களா?" என்றார் துறைத்தலைவர், வெளித்தேர்வாளரிடம். "ஈடுபாடு. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை வீட்டு ஆளுங்களையே ஆய்வுல சேர்க்கும்?"

"அதான் யோசிக்கிறேன்" என்றார் வெளித்தேர்வாளர். "சொந்த அக்கா குடிக்கிற தண்ணிய ஆய்வு பண்ணினா நடுநிலை கெட்டுப்போகாதா? சம்பந்தமில்லாதவங்க குடிக்கிற தண்ணியா எடுத்திருக்கலாம்."

"உக்காரும்மா" என்றார் நெறியாளர் மெதுவாக. அவர் முகத்தில் வேர்வை. பிறகு மற்ற இருவரையும் பார்த்து ஒரு சமரசம் சொன்னார். எதிர்மறை எண்ணை வெளியிட்டால் மற்ற பல்கலைக்கழகங்கள் கேள்வி கேட்கும். கேள்வி வந்தால் கேனைப் பார்க்க வருவார்கள். அதனால் மைனஸ் ஒன்பதை எடுத்துவிட்டு, 'ஈயம்: கண்டறியப்படவில்லை' என்று போடலாம். எல்லா அறிக்கையிலும் போடுவதுதான்.

கேனைப் பார்க்க வருவார்கள் என்றதும் துறைத்தலைவர் திட்டத்தைக் கைவிட்டார். வெளித்தேர்வாளர் எழுதியதை அடித்தார்.

"உனக்குச் சம்மதமாம்மா?" என்றார் தலைவர். "இல்லன்னா சொல்லு, கிணத்துத் திட்டத்தையே மேல அனுப்பிடலாம்."

நெறியாளர் என் பக்கம் குனிந்தார். "போட்டுடும்மா. இல்லன்னா நாளைக்கே வண்டி வந்து நிக்கும். பட்டம் கைக்கு வரட்டும். அப்பறமா ஒரு முதுகலைப் பட்டதாரியா நீ வார்டு ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுது. எடுபடும்."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆய்வேட்டில் ஒன்று, குறிப்பேட்டில் ஒன்று, வார்டு அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ஒன்று. கையெழுத்துக்குக் கீழே 'ஆய்வு செய்தவர்' என்று அச்சாகியிருந்தது. எனக்குத் தனிச்சிறப்புடன் முதல் வகுப்பு கிடைத்தது. கேன் அண்ணன் கைகொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, தேர்வு எப்போது என்று கேட்டார்.

பட்டதாரியாக நான் வார்டு அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு ஒரு வாரத்தில் பதில் வந்தது. கிணற்று நீர் குறித்த தங்கள் ஐயத்துக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. இணைத்திருந்தது என் அறிக்கை.

அதே வாரம் லாரி நின்றது. நான் விடுதியிலிருந்து அக்கா வீட்டுக்குப் போன அன்று, வார்டு ஊழியர் ஒருவர் கிணற்றுச் சுவரில் அறிக்கையின் நகலை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். மழை படாமல் இருக்க மேலே கண்ணாடித்தாள் வைத்து ஒட்டியிருந்தார். நாலைந்து பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு வராத குழந்தைகளில் ஒன்றைத் தூக்கிவைத்திருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் சிரித்து, "உங்களாலதான் நிம்மதியாச்சும்மா" என்றார்.

மாமா வாசலிலேயே நின்றார். "நம்ம வீட்டுப் பொண்ணு பேரு கிணத்துல ஏறிடுச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா சமையலறையில் இருந்தாள். மூடிவைத்த இரண்டு குடமும் கவிழ்ந்திருந்தன. மூன்றாவதில் புதிதாக இறைத்த நீர்.

"குடிக்காதக்கா" என்றேன்.

"ஏன்? ஈயம் இல்லன்னு வந்திடுச்சே."

"இல்லன்னு வரல. கண்டறியப்படவில்லைன்னு வந்திருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லக்கா."

"அப்ப இருக்கா?"

"இருக்கு. அறுபத்திரண்டு இருக்கு."

"எங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதவில்லை. அக்கா கோபப்படவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முக்காலியில் உட்கார்ந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

"நீ சொல்றத நம்பறதா, நீ கையெழுத்துப் போட்டத நம்பறதா?"

"சொல்றத நம்பு."

"சரி, நம்பறேன். லாரி நின்னுபோச்சு. குழாய் வரப்போறதில்ல. கிணத்துல குடிக்கக்கூடாது. தினம் கேன் தண்ணி வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. அப்ப எதக் குடிக்கிறதுன்னு சொல்லு. அதக் குடிக்கிறேன்."

குடத்திலிருந்து மொண்ட தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். நல்ல வெயில். பதிலுக்காக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாகம் எடுத்தது. குடித்தாள்.